செங்கல் சுவர்: சாய்ந்து நிற்கவா, வாசிக்கவா?

முன்னுரை

செங்கல் சுவரைப் படமெடுப்பதும் செங்கல்லைக் கொண்டு கலைப்பொருள் செய்வதும் இன்று பரவலாகிவிட்ட வழக்கங்கள். திருமணத்துக்கு முன் எடுக்கும் படங்கள், குழந்தையின் பிறந்தநாள் படங்கள், உணவகத்தின் உட்சுவர், நேர்காணல் நடத்துபவரின் பின்புறம் என எங்கும் சிவந்த செங்கல் வரிசைகளைப் பார்க்கிறோம். அவற்றில் பல செங்கல்லே அல்ல. செங்கல் போல அச்சடித்த தாள், அல்லது சிமெண்டுச் சுவரின்மேல் ஒட்டிய மெல்லிய வில்லை.

இந்தப் பழக்கத்தைக் கேலி செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. செங்கல்லைத் தம் பொருளாக எடுத்துக்கொண்ட மூவரின் வேலையை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் ஒளிப்படக்காரர், ஒருவர் சிற்பி, ஒருவர் கட்டடக் கலைஞர். செங்கல்லைக் காட்டுவது என்றால் எதையெல்லாம் காட்டுவது என்பதே நம் கேள்வி.

செங்கல் உருவாக நான்கு வேண்டும்: மண், கை, நெருப்பு, அடுக்கு. மண்ணைக் குழைத்து, கையால் அச்சில் அறுத்து, சூளையில் சுட்டு, முறையாக அடுக்கினால்தான் அது சுவராகிறது. ஒரு படமோ கலைப்பொருளோ இந்த நான்கில் எவற்றைப் பார்ப்பவருக்குத் தருகிறது என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

சுவரை வாசிப்பது

எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோலச் சுவரையும் படிக்கலாம். நம் ஊர்ச் செங்கல்லின் வழக்கமான அளவு ஏறத்தாழ 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குலக் கனம். அகலம் நீளத்தில் பாதி என்பதைக் கவனியுங்கள். இரண்டு கற்களைக் குறுக்கே வைத்தால் ஒரு கல்லின் நீளம் வந்துவிடும். இந்தக் கணக்கு இருப்பதால்தான் ஒரு வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வராதபடி கொத்தனாரால் கட்ட முடிகிறது. இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால் விரிசல் நேராக இறங்கிவிடும். சிந்துவெளி நகரங்களின் செங்கற்களிலும் கனம், அகலம், நீளம் ஆகியவை 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கின்றன. அகலம் நீளத்தில் பாதி என்ற கணக்கு அங்கேயே வந்துவிட்டது.

சுவரில் கல்லின் நீளப்பக்கம் மட்டுமே தெரிந்தால் அது பெரும்பாலும் அரைக்கல் சுவர், அதாவது 4½ அங்குலச் சுவர். ஒரு வரிசையில் நீளப்பக்கமும் அடுத்த வரிசையில் குறுக்குப்பக்கமும் மாறிமாறி வந்தால் அது ஆங்கிலக் கட்டு. ஒரே வரிசையில் நீளமும் குறுக்கும் மாறிமாறி வந்தால் ஃபிளெமிஷ் கட்டு. சுவரின் மூலையையும் பாருங்கள். ஒரு பக்கம் நீளமாகத் தெரியும் கல் திரும்பியவுடன் மறுபக்கம் குறுக்காகத் தெரிய வேண்டும். ஒட்டிய வில்லை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

படமெடுக்கும் மாணவர்களுக்கு வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல். கிழக்கு பார்த்த சுவரைக் காலை ஏழு மணிக்கு எடுத்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நிறம் நன்றாக வரும், மேடு பள்ளம் தெரியாது. அதே சுவரை முற்பகல் பதினோரு மணிக்குப் பாருங்கள். வெயில் சுவரை உரசிக்கொண்டு மேலிருந்து இறங்கும். ஒவ்வொரு கல்லின் விளிம்பும் நிழல் போடும். கல்லில் பதிந்த விரல் தடம்கூடத் தெரியும். வெளிச்சத்தின் கோணம் மாறினால் சுவர் சொல்லும் செய்தியும் மாறுகிறது.

ஒளிப்படக்காரர்கள் புதிய லென்சு வாங்கியதும் செங்கல் சுவரின் முன் போய் நிற்பது உண்டு. கிடைமட்டக் கோடுகள் ஓரங்களில் வளைகின்றனவா, மூலைகளில் கூர்மை குறைகிறதா என்று பார்க்க அந்தச் சுவர் பயன்படுகிறது. அப்படி எடுத்த படத்தில் லென்சின் குறை தெரியும். சுவரை யாரும் பார்ப்பதில்லை. செங்கல் சுவரை நாம் நடத்தும் விதத்துக்கு இதுவே ஒரு சான்று.

கருங்கல்லுக்குக் கிடைத்த மதிப்பு

நம் நாட்டில் கருங்கல் கலையாகவும் செங்கல் வேலையாகவும் கருதப்பட்டு வந்திருக்கின்றன. ஆனால் நாம் ஆயிரக்கணக்கில் படமெடுக்கும் உயர்ந்த கோபுரங்களில் பலவற்றின் அடித்தளம்தான் கருங்கல். அதன்மேல் எழும் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும். உருவங்கள் சுதை வேலை. மதுரைக் கோபுரத்தைப் படமெடுப்பவர் செங்கல்லைப் படமெடுக்கிறோம் என்று நினைப்பதில்லை.

மண்டகப்பட்டுக் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமல் அக்கோயிலை அமைத்ததாக அவன் அதில் பெருமிதம் கொள்கிறான். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் கோயில் கட்டும் வழக்கமான பொருள்களில் செங்கல்லும் ஒன்று என்று பொருள். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த அகழாய்வில், மணலுக்கடியிலிருந்து செங்கல்லால் கட்டிய பழமையான முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டது. சில கிலோமீட்டர் தொலைவில் கடற்கரைக் கோயிலின் முன் எப்போதும் படக்கருவிகளின் கூட்டம். இந்தச் செங்கல் அடித்தளத்தைத் தேடி வருவோர் மிகச் சிலரே.

ஆரன் சிஸ்கிண்ட்: சுவரின் தோல்

அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆரன் சிஸ்கிண்ட் (1903–1991) பல ஆண்டுகள் நியூயார்க் அரசுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். 1930களில் ஹார்லெம் பகுதி மக்களின் வாழ்வை ஆவணப்படுத்தும் கூட்டு முயற்சியில் பங்கெடுத்தார். 1940களில் அவர் படங்களிலிருந்து மனிதர்கள் மறையத் தொடங்கினார்கள். உரிந்த வண்ணம், கிழிந்த சுவரொட்டி, வெடித்த பூச்சு, கறை படிந்த சுவர் ஆகியவற்றை மிக நெருங்கி எடுத்தார். வானமும் தரையும் இல்லாத கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. அளவு தெரிவதற்கு ஒரு கதவுகூட இருக்காது.

இப்படங்களைப் பார்த்தபின் தெருவில் நடக்கும்போது நம் கண் மாறிவிடுகிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு சதுர அடிச் சுவரில் பல ஆண்டு மழையும் வெயிலும் பதிந்திருப்பதை அவர் காட்டினார். இது பெரிய கொடை. இன்னொரு நேர்மையும் அவரிடம் இருந்தது. ஓவியம் போலத் தோன்றும் இப்படங்களுக்குக் கவித்துவமான தலைப்புகளை அவர் சூட்டவில்லை. பெரும்பாலும் ஊரின் பெயரையும் ஆண்டையுமே தலைப்பாக வைத்தார். உருவம் எவ்வளவு அருவமாகப் போனாலும், இந்தச் சுவர் இந்த ஊரில் இந்த ஆண்டில் இருந்தது என்ற குறிப்பு மட்டும் நின்றது.

நம் அளவுகோலை வைத்தால், சிஸ்கிண்ட் காட்டியது சுவரின் மேல்தோல். மண்ணும் நெருப்பும் அடுக்கும் அவர் அக்கறைகள் அல்ல. சுவர் கட்டி முடித்தபின் காலம் அதன்மேல் எழுதியதை அவர் படித்தார். அவரைப் பின்பற்றுகிறோம் என்று நினைத்து இன்று எடுக்கப்படும் பல படங்களில் அந்த ஊர்ப்பெயர்கூட இல்லை. உரிந்த சுவர் அழகாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தச் சுவர் உரிவதற்குக் காரணமான ஏழ்மையோ கைவிடலோ படத்திலும் இல்லை, தலைப்பிலும் இல்லை.

கார்ல் ஆந்த்ரே: 120 கற்கள்

1966இல் அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரே நியூயார்க்கில் எட்டுப் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். ஒவ்வொன்றிலும் 120 செங்கற்கள், இரண்டு அடுக்குகள். ஓர் அடுக்குக்கு 60 கற்கள். கணக்கு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: 60 என்பதை 3×20, 4×15, 5×12, 6×10 எனப் பிரிக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் கல்லை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைக்கலாம். ஆக எட்டு வடிவங்கள். எல்லாவற்றுக்கும் உயரமும் கன அளவும் ஒன்றே. கண்ணுக்கு மட்டும் ஒன்று நீண்ட பாதையாகவும் இன்னொன்று குட்டையான மேடையாகவும் தெரியும். சாந்து கிடையாது, கற்கள் தரையில் வெறுமனே அடுக்கப்பட்டிருந்தன.

இவ்வரிசைக்கு அவர் வைத்த பெயர் ‘சமானங்கள்’ என்ற பொருளுடையது. ஒளிப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1920களிலும் 30களிலும் மேகங்களை எடுத்த படவரிசையின் பெயரும் அதுவே. ஆந்த்ரே அதைத் தெரிந்தே எடுத்துக்கொண்டார். மேகத்தின் பெயரைச் செங்கல்லுக்குச் சூட்டினார்.

படைப்புகள் விலைபோகாததால் அவர் கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னர் மீண்டும் செய்ய முனைந்தபோது பழைய கல் தயாரித்த ஆலை மூடப்பட்டிருந்ததால், உலைகளுக்குப் பயன்படும் தீச்செங்கல்லைக் கொண்டு செய்தார். அப்படி மீண்டும் செய்த எட்டாவது படைப்பை லண்டன் டேட் கலைக்கூடம் 1972இல் வாங்கியது. 1976இல் செய்தித்தாள்கள் அதைக் கண்டுபிடித்து, மக்கள் பணத்தில் செங்கல் வாங்குவதா என்று கொதித்தன. பார்வையாளர் ஒருவர் அதன்மேல் நீலச் சாயத்தை ஊற்றினார்.

சிரித்தவர்களோடு சேர நான் விரும்பவில்லை. நான்கில் ‘அடுக்கு’ என்ற ஒன்றை இப்படைப்பு கறாராகக் காட்டுகிறது. ஒரே எண்ணிக்கை, ஒரே கல், வெவ்வேறு உடம்பு. இதைப் புரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு போதும். அதுவே அதன் அழகு. ஆனால் அன்றைய விவாதத்தில் இரு தரப்புமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இது கலையா என்று கேட்டார்கள். இதன் விலை என்ன என்று கேட்டார்கள். இந்தக் கல்லைச் செய்தது யார் என்று கேட்கும் இடத்தை அப்படைப்பே தரவில்லை. ஆலையில் வார்த்த கல்லில் விரல் தடம் இருக்காது. ஆந்த்ரேக்கு அந்த வெறுமை தேவைப்பட்டது. நமக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

லாரி பேக்கர்: பூச்சில்லாத சுவர்

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917இல் பிறந்து, இந்தியாவில் வாழ்ந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். செலவைக் குறைப்பதும் உள்ளூர்ப் பொருளை மதிப்பதும் அவர் கொள்கை. சுவர் தன்னளவில் உறுதியாக இருக்கும்போது அதன்மேல் சாந்து பூசி வண்ணமடிப்பது வீண் செலவு என்றும், பொருளின் இயல்பை மறைப்பது என்றும் கருதினார்.

அவர் இந்தியாவில் பரப்பிய முறைகளில் முக்கியமானது எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகக் கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவோம். இதில் கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கிறார்கள். இரு முகங்களுக்கும் நடுவே குறுக்குக் கற்கள் வரும். இடையில் வெற்றிடம் உண்டாகும். சுவரின் கனம் அதே 9 அங்குலம். ஆனால் கற்களில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். இன்னொரு முறை சல்லடைச் சுவர். கற்களுக்கு இடையே இடைவெளி விட்டுக் கட்டினால் சன்னல் சட்டம், கம்பி, கதவு எதுவும் இல்லாமலே காற்றும் வெளிச்சமும் கிடைக்கும்.

திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள இந்தியன் காபி ஹவுஸ் அவருடைய பெயர்பெற்ற கட்டடங்களில் ஒன்று. சுருளாக ஏறும் சாய்தளத்தில் மேசைகளும் இருக்கைகளும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. தெருவிலிருந்து எடுத்த அதன் படம் எளிதில் கிடைக்கும்: சிவந்த உருளை, அதில் ஓட்டைகளின் வரிசை. விந்தையான வடிவம் என்பதற்கு மேல் அந்தப் படம் எதுவும் சொல்வதில்லை. உள்ளே ஓர் இருக்கையில் உட்கார்ந்து, சல்லடை வழியே வரும் வெளிச்சம் மேசைமேல் விழுவதை எடுத்தால்தான் அந்த ஓட்டைகளின் காரணம் படத்துக்குள் வரும்.

பேக்கரின் சுவரைப் படம்பிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் மிச்சப்படுத்திய கால் பங்குக் கல் படத்தில் தெரியாது. தெரிவது ஒழுங்கான ஓர் அழகு மட்டும். அந்த அழகை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் இன்று சிமெண்டுக் கல்லில் சுவர் எழுப்பி, பூசி, அதன்மேல் செங்கல் வில்லையை ஒட்டுகிறார்கள். செலவைக் குறைக்கத் தோன்றிய முறை, கூடுதல் செலவு செய்து வாங்கும் அலங்காரமாகிவிட்டது. இந்தத் தவறில் ஒளிப்படத்துக்கும் பங்கு உண்டு. சுவரின் முகத்தை மட்டும் காட்டிக் காட்டி, முகமே சுவர் என்று அது நம்மை நம்பவைத்தது.

படத்தில் இல்லாத கை

மூவரில் பேக்கர்தான் கொத்தனாரின் கைக்கு மிக அருகில் வருகிறார். ஆனாலும் கல்லை அறுத்த கை மூவரிடமும் இல்லை. அந்தக் கையைத் தேடிச் சூளைக்குப் போகும் ஒளிப்படக்காரர்கள் உண்டு. அவர்கள் கொண்டுவரும் படங்களையும் நாம் விமரிசிக்க வேண்டும். புகை, மாலைச் சூரியன், தலையில் கல் சுமந்து நிழலுருவாக நடக்கும் பெண். முகம் கறுத்துத் தெரியாமல் போகிறது. துயரம் மட்டும் அழகாகிறது. போலிச் சுவரின் முன் எடுத்த திருமணப் படத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அங்கே செங்கல் பின்னணி. இங்கே மனிதர் பின்னணி.

சூளை வேலை பல படிகள் கொண்டது. மண் வெட்டுதல், ஊறவைத்துக் குழைத்தல், அச்சில் அறுத்தல், வெயிலில் புரட்டிக் காயவைத்தல், பச்சைக்கல்லைச் சூளையாக அடுக்குதல், தீ மூட்டிக் காத்தல், ஆறியபின் பிரித்துத் தரம் பார்த்தல். கூலி பெரும்பாலும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஒருவர் தனியாக எண்ணிக்கையை எட்ட முடியாது என்பதால் குடும்பமே இறங்குகிறது. முன்பணம் வாங்கி, அதைக் கழிக்க முடியாமல் தங்கிவிடும் குடும்பங்கள் பல. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்தியாவில் 1976இல் இயற்றப்பட்டது. செங்கல் கலையாகுமா என்று லண்டனில் சண்டை நடந்ததும் அதே ஆண்டில்தான். அதற்குப் பிறகும் பல்லாண்டுகளாக, தமிழ்நாட்டின் வட மாவட்டச் சூளைகளிலிருந்து தொழிலாளர்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டிருந்தன.

நான் ஆசிரியராக இருந்த ஊரில் பொங்கல் கழிந்ததும் வகுப்பில் சில இடங்கள் காலியாகும். பெற்றோரோடு சூளைக்குப் போன பிள்ளைகள் மழை தொடங்கும் முன் திரும்ப மாட்டார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி கடைசியில் குழுப்படம் எடுப்போம். பள்ளியின் பின்கட்டில் பூசாமல் விட்ட செங்கல் சுவர் ஒன்று இருந்தது. வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று படக்காரர் எப்போதும் அங்கேதான் நிறுத்துவார்.

ஓர் ஆண்டு ஜூன் மாதம் திரும்பி வந்த மாணவன் ஒருவன் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். தான் அதில் இல்லை என்று அவன் எதுவும் சொல்லவில்லை. பிறகு என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ச் சுவரின் கீழ் வரிசைகளைக் காட்டினான். “இந்தக் கல்லெல்லாம் வேகலை சார். பாருங்க, வெளுத்திருக்கு. இதுதான் முதல்ல உதிரும்” என்றான். நகத்தால் கீறினான், தூள் கொட்டியது. பக்கத்துக் கல்லில் கீறினான், கீறல் விழவில்லை. நன்றாக வெந்த இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் மணிபோல ஓசை வரும் என்பதையும் அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பத்தாண்டுகள் அந்தச் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட எனக்கு அது தெரியாது. சில மழைக்காலங்களுக்குப் பின் அவன் காட்டிய வரிசைகள்தான் முதலில் உதிர்ந்தன.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

உங்கள் தெருவில் பூசாத சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சுவரைப் பத்துப் படங்கள் எடுங்கள்.

1. முழுச் சுவர்: சுவருக்கு நேராக நின்று, வரிசைகள் சாயாமல்.
2. மூலை: நீளமும் குறுக்கும் மாறும் இடம்.
3. ஒரே ஒரு கல்: சட்டம் நிறைய.
4. அதே கல்: வெயில் உரசும் நேரத்தில்.
5. ஓர் இணைப்பு: சாந்து எவ்வளவு கனம் என்று தெரியும்படி.
6. நிறம் மாறிய கல்: வேகாததோ, அதிகம் வெந்து கறுத்ததோ.
7. பழுது பார்த்த இடம்.
8. உடைந்து கிடக்கும் கல்: உள்ளே மண்ணின் நிறம் தெரியும்படி.
9. அதைக் கட்டிய கொத்தனாரோ சித்தாளோ அருகில் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு, முகம் தெளிவாகத் தெரியும்படி.
10. கல் வந்த சூளை: போக முடிந்தால் அங்கே. முடியாவிட்டால் கல்லின் பள்ளத்தில் பதிந்த எழுத்துகள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் ஊர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள்.

முடிவுரை

சிஸ்கிண்ட் சுவரின் தோலில் காலத்தைக் காட்டினார். ஆந்த்ரே சாந்தையும் சுவரையும் நீக்கி அடுக்கை மட்டும் காட்டினார். பேக்கர் அடுக்கைச் சிக்கனத்தோடும் காற்றோடும் இணைத்தார். மூவரின் வேலையும் படிக்கத் தக்கது. மூன்றிலும் இடைவெளி உண்டு. மண்ணும் நெருப்பும் கையும் ஒருங்கே தெரியும் ஒரு படத்தொகுப்பை எடுக்கப் பெரிய கருவி தேவையில்லை. கையில் இருக்கும் அலைபேசி போதும், கல்லைப் பற்றித் தெரிந்தவரிடம் கேட்கும் பணிவு இருந்தால்.

அந்த ஆண்டின் குழுப்படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று வரிசைப் பிள்ளைகள், நடுவில் நாங்கள். இடது ஓரத்தில், கடைசிப் பையனின் கால்முட்டிக்கு அருகே, வெளுத்த கற்கள் நான்கைந்து தெரிகின்றன. படத்தை யாரிடம் காட்டினாலும் நான் இப்போது முதலில் சுட்டுவது அந்தக் கற்களைத்தான்.